நிறம் போனால் போதுமா?

மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தச் செய்தி யார் மூலமாவது என் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. ஊர் மாறும், கல்லூரி மாறும், பொருள் மாறும். விஷயம் மட்டும் ஒன்றுதான். வாழைநாரைக் கொண்டு, தென்னை நார்த்தூளைக் கொண்டு, கரும்புச் சக்கையைக் கொண்டு, ஆரஞ்சுத் தோலைக் கொண்டு மாணவர்கள் சாயக்கழிவைத் தெளிந்த நீராக்கிக் காட்டியிருக்கிறார்கள். கூடவே ஒரு படம். இடப்பக்கம் கருநீல நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவை, வலப்பக்கம் பளிங்கு போன்ற நீருடன் இன்னொரு குடுவை. கீழே, திருப்பூர் பிரச்சினைக்குத் தீர்வு கிடைத்துவிட்டது என்று ஒரு வரி. அனுப்புகிறவர் நம் சங்கத்து அன்பராக இருந்தால், "நீங்கள் இன்ஜினியர் ஆயிற்றே, இதைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதக் கூடாதா?" என்றும் கேட்டுவிடுகிறார்.

எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி எழுத முடியுமா என்பது சந்தேகம். அந்தப் படம் பொய்யில்லை. வலப்பக்கக் குடுவை நிஜமாகவே தெளிந்துதான் இருக்கிறது. அந்தத் தெளிவைப் பார்த்து நாம் என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் கோளாறு.

இந்த விஷயம் அகமதாபாத்தில் இருக்கிற நமக்கு தூரத்துச் செய்தி அல்ல. ஊரில் ஒரு கால், இங்கே ஒரு கால் என்று வாழ்கிறவர்கள் நாம், சாயமும் அப்படித்தான். இந்தியாவில் தயாராகும் சாயங்களில் பெரும்பகுதி குஜராத்தில் தயாராகிறது. நம்மில் பல குடும்பங்கள் மில் வேலைக்கு வந்து தங்கிய மணிநகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வட்வா. அந்தப் பக்கம் ஓடவ், நரோடா. இங்கே மூட்டை கட்டி ஏற்றும் சாயம் திருப்பூரில் பனியனிலும் டி-சர்ட்டிலும் ஏறுகிறது. ஏறாமல் மிஞ்சியது நொய்யலில் இறங்கியது. இந்தப் பக்கம் சாபர்மதியின் நிலையைப் பார்த்து குஜராத் உயர் நீதிமன்றமே 2021-இல் தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது. ஜேத்பூரில் சேலை அச்சிடும் பட்டறைகளால் பாதர் ஆறு பட்ட பாடும், ராஜஸ்தானத்துப் பாலி நகரத்தால் பண்டி ஆறு பட்ட பாடும் அந்தப் பாதைகளில் ரயில் ஓட்டியவர்களுக்கெல்லாம் தெரியும். பாலிக்குக் கீழே பாசனத்துக்கென்று கட்டிய நேஹ்டா அணையின் கதையும் நம் ஒரத்துப்பாளையம் அணையின் கதையும் ஒன்றேதான். ஒரத்துப்பாளையத்துக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அந்தக் குடுவைக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நார் சாயத்தைக் குடித்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பழைய நாளில் ஈ பிடிக்கப் பசைத்தாள் தொங்கவிடுவார்களே, அது போல, சாயத்தின் அணுத்திரள்கள் நாரின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். சாம்பார் சிந்திய வேட்டியில் மஞ்சள் கறை ஒட்டிக்கொண்டு சலவைக்காரருக்கே சவால் விடுகிறதே, அதுவும் ஏறக்குறைய இதே வேலைதான். வாழைநாரானாலும் தேங்காய் நாரானாலும் உள்ளே இருப்பது செல்லுலோஸ், லிக்னின் போன்றவை. தண்ணீரில் நனைந்தால் அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டாகிறது. சாயங்களில் ஒரு வகை நேர்மின்னேற்றம் கொண்டது. பேசிக் சாயம் என்பார்கள். மெத்திலீன் புளூ, மாலகைட் கிரீன் எல்லாம் இந்த வகை. எதிரும் நேரும் ஒன்றையொன்று இழுக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். ஆகவே மெத்திலீன் புளூ கரைத்த நீரில் ஒரு பிடி வாழைநாரைப் போட்டுக் குலுக்கினால் சீக்கிரமே நிறம் இறங்கிவிடும். மாணவர்கள் சோதனைக்கு எடுப்பதும் பெரும்பாலும் மெத்திலீன் புளூதான். ஆய்வுக்கூட அலமாரியில் தயாராக இருக்கும் சாயம் அது. ஒட்டாமல் போக வழியே இல்லாத சாயமும் அதுதான்.

திருப்பூரில் பருத்திக்குப் போடுவது அதுவல்ல. அங்கே ஆட்சி செய்வது ரியாக்டிவ் சாயம். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி இதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்ளும் என்பதால் வெளுக்காது, கரையாது, பளிச்சென்றும் இருக்கும். ஆனால் போட்டதெல்லாம் துணியில் ஏறுவதில்லை. சாயத்தையும் நிறத்தின் அழுத்தத்தையும் பொறுத்து நூற்றில் இருபதிலிருந்து நாற்பது பங்கு வரை கழுவும் நீரோடு வெளியே போய்விடக்கூடும். இந்தச் சாயம் தண்ணீரில் எதிர்மின்னேற்றத்தோடு இருக்கிறது. நாரும் எதிர்; சாயமும் எதிர். கிட்டே வந்தால் தள்ளிக்கொள்ளும். சும்மா அள்ளிப்போட்ட வாழைநார் இங்கே அவ்வளவாகப் பலிக்காது. பலிக்க வைக்க வேண்டுமானால் கழிவுநீரை எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிக்க வைக்க வேண்டும். அதற்கு அமிலம் வேண்டும். பிறகு அந்தப் புளிப்பை முறிக்கக் காரம் வேண்டும். அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? உப்பு ஆகும்.

உப்பு என்ற சொல் வந்துவிட்டது. நான் இந்தக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டதே இந்தச் சொல்லுக்காகத்தான்.

பருத்தி இழையும் செல்லுலோஸ்தானே; அதுவும் எதிர்மின்னேற்றம்தானே; அப்படியானால் ரியாக்டிவ் சாயம் துணியில் மட்டும் எப்படி ஏறுகிறது என்று கேட்பீர்கள். சாயப்பட்டறைக்காரர் அதற்குத்தான் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார். சோடியம் குளோரைடு, அல்லது கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட். உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுகிறது. லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை சாதாரணமாகப் போடுவார்கள். நிறம் அழுத்தமாக ஆக உப்பும் கூடும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு ஆகிறது. சாயத்திலாவது பாதிக்கு மேல் துணியில் தங்குகிறது. உப்பில் ஒரு சிட்டிகை கூடத் தங்குவதில்லை. அத்தனையும் சாக்கடைக்குத்தான்.

இப்போது கண்ணின் கதையைப் பாருங்கள். பத்து லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சாயம் கரைந்திருந்தாலும் நீர் நிறம் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதே பத்து லட்சம் லிட்டரில் ஐயாயிரம் கிலோ உப்பைக் கரைத்துவிடுங்கள்; நீர் பளிங்காகவே நிற்கும். ஊரார் கண்ணுக்கு முதலாவது விஷம், இரண்டாவது சுத்தம். நிலத்துக்கோ இரண்டாவதுதான் எமன். சோடியம் ஏறிய களிமண் இறுகிப்போகிறது. நீர் உள்ளே இறங்குவதில்லை. பயிரின் வேர் தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தில் வாடுகிறது.

நீராவி என்ஜின் காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது கைப்பழக்கமாகத் தெரிந்த விஷயம். 1980-களின் தொடக்கத்தில் சௌராஷ்டிரத்தின் மீட்டர்கேஜ் பாதைகளில் ஒய்.பி., ஒய்.ஜி. என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. டிப்ளமோ முடித்துச் சேர்ந்த புதிது. ஷெட்டில் நான் முதலில் கற்ற பாடம், கண்ணாடி போன்ற தண்ணீரை நம்பாதே என்பது. அந்தப் பக்கத்துக் கிணற்று நீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். கொதிகலனில் நீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது; உள்ளேயே செறிந்துகொண்டு வரும். அளவு மீறினால் நுரைத்துப் பொங்கி, ஆவியோடு நீரும் சிலிண்டருக்குள் பாயும். பிரைமிங் என்போம். பிஸ்டன் நீரை அமுக்க முடியாது. சிலிண்டர் மூடி தெறிக்கும். ஆகவே ஆய்வுக்கூடத்துக் கெமிஸ்ட் சொல்கிற கணக்குப்படி அவ்வப்போது கொதிகலனின் அடிநீரைப் பீய்ச்சி வெளியேற்றுவோம். குறித்த நாளில் என்ஜினை நிறுத்திக் கழுவுவோம். கலங்கல் நீரை ஃபயர்மேன்கூடக் கண்டுபிடித்துவிடுவார். உப்பைக் கண்டுபிடிக்கக் கெமிஸ்ட் வேண்டும்.

நொய்யலில் நடந்தது இதுதான். ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்கு நீர் தருவதற்கென்று ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூரின் சாயநீர் தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கிற காலமும் வந்தது. தண்ணீர் கேட்டு வழக்குப் போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் ஏறிய விவசாயி வேறெங்கே இருந்தார்? கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. பட்டறைகள் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு நிறத்தைப் படிய வைத்தன; அதற்கென்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கட்டின. நிறம் ஓரளவு இறங்கியது. உப்பு இறங்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் கடுமையான ஆணை பிறப்பித்தது; உச்ச நீதிமன்றம் 2009-இல் அதே வழியில் நின்றது; கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பல நூறு பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றுபோயின. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, மிஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்துகாட்டிய பிறகே ஒவ்வொன்றாகத் திறக்க முடிந்தது. இதற்கு ஆன செலவும், ஆகிற மின்சாரமும், எரிகிற விறகும் கொஞ்சநஞ்சமல்ல. அப்படியும் பிரித்துப் பயன்படுத்த முடியாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவு வலியில் கிடைத்த பாடத்தை, "வாழைநாரைப் போடு, தீர்ந்தது" என்ற ஒரு படம் அழித்துவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம். படிக்கிறவர், அத்தனை கோடி செலவழித்தது வீண், ஊர்க் கழிவிலேயே மருந்து இருக்கிறது, அதிகாரிகள்தான் கண்டுகொள்ளவில்லை என்று நினைக்கிறார். இன்னொருவரும் அதைப் படிக்கிறார்: ராத்திரியில் குழாயைத் திறந்துவிடுகிற பட்டறை முதலாளி. அவருக்கு இது வெகு வசதி. நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் ஊர் சத்தம் போடாது. உப்பு எந்தக் கிணற்றில் ஏறுகிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? நிறத்தோடு ஓடுகிற சாக்கடையாவது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

இதைச் சொல்வதால் ஆராய்ச்சியாளர்களைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். இந்த ஆராய்ச்சி நேற்று முளைத்ததல்ல. அயர்லாந்தின் வடபகுதியில், பெல்ஃபாஸ்டில், கரிமண்ணையும் மரத்தூளையும் கொண்டு சாயம் பிரிக்கும் ஆய்வை 1976-இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். நம் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் 1990-களிலிருந்தே வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், தென்னை நார்த்தூள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எந்தச் சாயம் எந்தப் புளிப்பில் எவ்வளவு ஒட்டும் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதில் அளவு இருக்கிறது, நிபந்தனை இருக்கிறது. கைப்பேசிக்கு வரும்போது நிபந்தனை உதிர்ந்து படம் மட்டும் மிஞ்சுகிறது.

அளவைப் பற்றி ஒரு பாமரக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சின்னப் பட்டறை, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர். லிட்டரில் 100 மில்லிகிராம் சாயம். மொத்தம் 10 கிலோ சாயம். ஒரு கிராம் நார் 20 மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 500 கிலோ உலர்ந்த நார் வேண்டும். ஐம்பது லட்சம் லிட்டர் கையாளும் பொது நிலையத்துக்கு நாளுக்கு 25 டன். வேலை முடிந்து வெளியே வரும்போது அது உலர்ந்த நார் அல்ல; தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிக்கொண்டு சொட்டச் சொட்ட நிற்கும் சாயச் சேறு. அதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? வயலில் கொட்டினால் மழையில் மறுபடி கரைந்து வரும். சும்மா எரித்தால், சில சாயங்களில் தாமிரமும் குளோரினும் உண்டு. அவை புகையிலும் சாம்பலிலும் போகும். மரத்தை மக்கச் செய்யும் ஒருவகைப் பூஞ்சையை அந்த நாரின் மேல் வளர்த்துச் சாயத்தைச் சிதைத்துப் பார்த்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் 25 டன்னுக்கு அந்தப் பூஞ்சைக்கு எத்தனை ஏக்கர் கொட்டகை வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். டீசல் ஷெட்டுகளில் என்ஜின் குளிர்நீருக்காக உப்பு நீக்கும் ரெசின் தொட்டிகள் வைத்திருந்தோம். ரெசின் நிறைந்ததும் அமிலமும் காரமும் விட்டுக் கழுவ வேண்டும். கழுவிய நீர் இன்னொரு குழிக்குப் போகும். பொருள் எதுவும் மாயமாவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மாறின இடத்தைக் காட்டாத சுத்திகரிப்புக் கணக்கை நான் ஏற்பதில்லை.

'கழிவு' என்ற சொல்லிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தென்னை நார்த்தூள் ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் ரோட்டோரத்தில் மலை மலையாகக் கிடந்து மக்கியது. சும்மா அள்ளிக்கொண்டு போ என்பார்கள். இன்று அதையே அழுத்திக் கட்டியாக்கிச் செடி வளர்க்க வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், விலை சொல்கிறார்கள். கரும்புச் சக்கையில் ஆலைக்காரர் மின்சாரம் எடுக்கிறார். கரூர் புகளூரில் காகிதம் செய்கிறார்கள். இங்கே சௌராஷ்டிரத்து நிலக்கடலைத் தொலி வெள்ளை நிலக்கரி என்ற பெயரில் கட்டியாகி பாய்லருக்குப் போகிறது. வாழைத்தண்டிலிருந்து நாரும் திரவ உரமும் எடுக்கும் முறைகளை நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே "இலவசமாகக் கிடைக்கும்" என்று தொடங்கும் எந்தத் திட்டத்திலும் லாரி வாடகையையும் அடுத்த வருஷ விலையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நாரினால் பயனே இல்லையா? உண்டு, அதற்கென்று உரிய இடத்தில். தேங்காய்த் தொட்டியைக் கரியாக்கி, அதை மேலும் பதப்படுத்தி உண்டாக்கும் கிளர்வூட்டிய கரி உலகெங்கும் நீர் சுத்திகரிப்பில் நிற்கிறது. நம் வீட்டு ஃபில்டரிலும் இருக்கிறது. அதுவும் தென்னைக் கழிவுதானே! சவ்வுகளுக்குப் போகும் முன் நீரில் மிஞ்சியிருக்கும் நிறத்தையும் கரிமப் பொருளையும் குறைத்துக் கொடுத்தால் சவ்வு சீக்கிரம் அடைபடாது. அந்த இடத்தில் இத்தகைய கரிக்கு வேலை உண்டு. (தொட்டிக்கரி சுடுகிற இடத்திலேயே, கரியை நனைத்த நீர் இறங்கிக் கிணறு கெட்டது என்ற புகார் காங்கேயம், பல்லடம் பக்கங்களில் எழுந்ததையும் சொல்லிவிட வேண்டும். சுத்தம் செய்யும் பொருளைச் சுத்தமாகச் செய்வதும் ஒரு வேலை.) இன்னொரு இடம், உப்புத் தொல்லை அதிகம் இல்லாத சிறு தொழில்கள். கோரைப்பாய்க்கும், கயிற்றுக்கும், ஓலைப் பெட்டிக்கும் சாயம் போடுகிற வீடுகளில் புழங்கும் சாயங்களில் நாரில் நன்றாக ஒட்டக்கூடிய பேசிக் சாயங்களும் உண்டு. நாளுக்கு ஐந்து குடம், பத்து குடம் கழிவுநீர். அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டியில் நார்த்தூளை நிரப்பி அதன் வழியே விட்டால் நிஜமாகவே பிரயோஜனம். நிறைந்த தூளைக் காயவைத்துத் தனியாகச் சேர்த்து ஒப்படைக்க ஒரு ஏற்பாடு வேண்டும், அவ்வளவே. மாணவர்கள் திருப்பூரைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு ஒரு பாய் நெய்யும் தெருவைக் காப்பாற்றினால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

ஆனால் இந்த ஆராய்ச்சிகளில் என்னைக் கவர்ந்த விஷயம் வேறு. நாருக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்றேனல்லவா? அதைச் சரிசெய்ய, கரும்புச் சக்கையைச் சில அம்மோனியம் சேர்மங்களோடு வினைபுரிய வைத்து அதன் மேற்பரப்பை நேர்மின்னேற்றமாக மாற்றிவிடுகிறார்கள். மாற்றியபின் அது ரியாக்டிவ் சாயத்தை வாரி இழுக்கிறது. நல்லது. இப்போது கொஞ்சம் பின்னால் போய் யோசியுங்கள். சக்கையும் செல்லுலோஸ், பருத்தியும் செல்லுலோஸ். சக்கைக்குச் செய்ததைச் சாயம் போடும் முன்பே துணிக்குச் செய்தால் என்ன? செய்திருக்கிறார்கள். அப்படி மாற்றிய பருத்தி உப்பே இல்லாமல், அல்லது மிகக் குறைந்த உப்பில், சாயத்தை இழுத்துக்கொள்கிறது. கழிவில் போகும் சாயமும் வெகுவாகக் குறைகிறது. சாக்கடையில் வலை போட்டுப் பிடிப்பதற்குப் பதில் துணியிலேயே பிடித்து நிறுத்திவிடுகிற வேலை. குறை இல்லாமல் இல்லை. சாயம் அவசரமாகப் பாய்வதால் திட்டுத் திட்டாக ஏறும், அந்த வேதிப்பொருளைக் கையாள்வதில் ஆபத்து உண்டு, செலவும் கூடுதல். என்றாலும் உப்பு என்ற வேரைத் தொடுவது இதுதான். குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள், குறைந்த நீரில் வேலை செய்யும் இயந்திரங்கள் இவையும் அந்த வழியில்தான். நம் பிள்ளைகளில் டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வட்வாவில் சாயக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். பிஎச்.டி.க்கு இன்னொரு பழத்தோலைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, திட்டு விழாமல் உப்பின்றிச் சாயம் ஏற்றுவது எப்படி என்பதில் உட்கார்ந்தால் ஊருக்கு உபகாரம்.

எங்கள் சொசைட்டியில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், பள்ளிக் கண்காட்சிக்காக வாழைநாரும் மெத்திலீன் புளூவும் கொண்டு இந்தச் சோதனையைச் செய்து எனக்குக் காட்ட வந்தாள். பாட்டிலைப் பார்த்து நன்றாக இருக்கிறதம்மா என்றேன். பிறகு வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்காக வாங்கி வைத்திருந்த டி.டி.எஸ். பேனாவை எடுத்துக் கொடுத்தேன். சாயம் கரைக்க அவள் எடுத்தது சொசைட்டி போர்வெல் நீர். தெளிந்த பாட்டிலில் பேனா காட்டிய எண், சாயம் கலப்பதற்கு முந்திய எண்ணைவிடச் சற்றுக் கூடவே இருந்தது. நாரிலிருந்த தாதுக்களும் கொஞ்சம் கரைந்து இறங்கியிருக்கும். "தாத்தா, அப்போ இது சுத்தம் ஆகலையா?" என்று கேட்டாள். நிறம் சுத்தம், நீர் சுத்தமில்லை என்றேன். அவள் முகம் வாடவில்லை. அட்டையில் இன்னொரு கட்டம் போட்டு அந்த எண்ணையும் எழுதிக்கொண்டாள். மார்க் குறையுமே என்று அவள் அப்பா மட்டும் கவலைப்பட்டார்.

குஜராத்தில் குடியிருக்கும் நமக்கு டி.டி.எஸ். என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆர்.ஓ. விற்க வருகிறவன் முதலில் அதைத்தான் சொல்லிப் பயமுறுத்துகிறான். குடிக்கிற ஒரு தம்ளர் நீரில் அந்த எண்ணைப் பார்க்கிற நாம், ஆற்று நீர் விஷயத்தில் மட்டும் கண்ணால் பார்த்துத் திருப்தியடைகிறோம்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவில் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சி வைக்கும்போது, இந்தத் தலைப்பை எடுக்கிற பிள்ளைகளிடம் மெத்திலீன் புளூவோடு ஒரு ரியாக்டிவ் சாயத்தையும் கொடுங்கள். அது கிடைக்காத ஊரில் நாம் இல்லை. அந்தச் சாயநீரில் பட்டறைக்காரர் போடுவது போல லிட்டருக்கு மூன்று கைப்பிடி உப்பையும் போடச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் நிறத்தையும் டி.டி.எஸ்.ஸையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். உப்பு அதிகமாகி சாதாரணப் பேனாவின் எல்லையைத் தாண்டிவிடும். பத்துக்கு ஒன்றாக நல்ல நீரில் கலந்து அளந்து, வருகிற எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். அப்படியும் எல்லை தாண்டினால் நூற்றுக்கு ஒன்று. நாரை எத்தனை கிராம் போட்டார்கள், நனைந்தபின் அது எவ்வளவு எடை நின்றது, அதை எங்கே கொட்டினார்கள் என்பதும் அட்டையில் இருக்கட்டும். பேனா இல்லாதவர்கள் என் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகலாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. திருப்பிக் கொடுக்கும்போது முனையை நல்ல நீரில் கழுவிக் கொடுத்தால் போதும்.